வேறிடத்தில் புதைக்கப்பட்டோருக்கு

மார்கழி இருபத்துநான்கு. உப்புவெளியில்
கடல் சேற்று நிறத்தில் கத்திக்கொண்டிருந்தது.
விடுதியில் ஒரேயொரு குடும்பம்:
பைவி, யுக்கா, முன்பல் விழுந்த ஐனோ.
வாடைக் காற்றுக்கு எவரும் வராத மாதத்தில்
வெயிலைத் தேடி வந்திருந்தார்கள். பாவம்.

மூன்றரைக்கு பைவி போனை உயர்த்திப் பிடித்தாள்.
பின்லாந்தில் அப்போதுதான் நண்பகல்.
ஏதோவொரு பழைய நகரத்து மாடத்தில் நின்று
ஒருவர் சுருளை விரித்து வாசிக்கிறார்:
நத்தார் சமாதானம் தொடங்குகிறது,
குழப்புகிறவனின் குற்றம் பெருங்குற்றம்.
"ஒவ்வொரு வருசமுமா?"
"நூற்றாண்டுகளாக."
நாங்களும் வானொலியில் கேட்டிருக்கிறோம்
சமாதானங்களை. எண்ணிக்கை மறந்துவிட்டது.

பாலில் அரிசி குழைத்து அவள் கிண்டிய புக்கையில்
ஒரேயொரு பருப்பு.
வாதுமை கிடைக்காமல் கஜு போட்டிருந்தாள்.
எவர் கோப்பையில் வருகிறதோ
அவருக்கு வருசம் முழுக்க அதிர்ஷ்டம்.
கடித்து விழுங்கிய பிறகுதான் எனக்குச் சொன்னார்கள்.
ஐனோ அழுதாள்.

மழை விட்ட இடைவெளியில் சேமக்காலைக்கு ஓட்டோ.
யுக்காவின் மடியில் ஒரு பெட்டி மெழுகுதிரி.
ஊரில் என்றால் பனியைக் கையால் தோண்டிக்
குழிக்குள் வைப்பார்களாம், காற்று அண்டாதாம்.
இங்கே ஈரமணலும் ஜாம் போத்தல்களும்.
"உங்கள் ஆட்கள் இங்கே இல்லையே" என்றேன்.
"எங்கள் சேமக்காலைகளில் ஒரு மூலை இருக்கும்,
வேறிடத்தில் புதைக்கப்பட்டவர்களுக்கு.
இங்கே அது எங்கே?"

மூலைகளைப் பார்த்தேன்.
ஒன்றில் உடைந்த சிலுவைகள். ஒன்றில் மாடு.
வேலியோர வேம்படியைக் காட்டினேன், சும்மாதான்.
அவள் நம்பி முழங்காலிட்டாள்.
யுக்காவின் தகப்பனுக்கு, அவளுடைய தமக்கைக்கு,
ஐனோவின் நாய்க்கும் ஒன்று.
மிஞ்சியதை என்னிடம் நீட்டினாள்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில்
அரிசி வாங்கப் போன ஜெறோம் அண்ணன்.
அவனுக்குத் திரி கொளுத்தினால் அவன் செத்துப்போவான்.
ஆணைக்குழு வந்தபோதும்
மரணச் சான்றிதழை நீட்டினபோதும்
அம்மா அதைத்தான் சொன்னா.
'வேறிடத்தில்' வரைக்கும் எனக்குச் சம்மதம்.
அடுத்த சொல்தான்...

நெருப்புப்பெட்டி நனைந்துவிட்டது என்றேன்.
பைவி லைட்டரை நீட்டினாள்.
வீட்டில் கொளுத்துகிறேன் என்றேன்.

பாலையூற்றில் அன்றிரவு கரண்ட் போனது.
அம்மா இருட்டில் தடவி எடுத்தா.
"தடிச்ச திரியாக் கிடக்கு, ஏதடா?"
"கரண்ட் போனால் கொளுத்த."
கொளுத்தினா.
நடுச்சாமப் பூசைக்குப் புறப்படுமுன்னமே
கரண்ட் வந்துவிட்டது.
ஒருவரும் போய் அதை அணைக்கவில்லை.