நாற்பது குதிரைவலு

செவ்வாய், பிரஷர் கிளினிக்.
இறக்கக்கண்டிப் பாலத்தில் வெயில் ஏறுமுன்னே
வாங்கு நிரம்பிவிடும்.
ஆளுக்கு நாலு நிமிடம்.
பட்டியைச் சுற்று, அழுத்து, எழுது,
"உப்பைக் குறையுங்கோ" என்று
உப்பளத்தில் வேலை செய்கிறவரிடமும் சொல்லு.

நாற்பத்தோராம் துண்டு நிசாம்தீன்.
அவுட்போர்ட் எஞ்சின் திருத்துகிறவர்.
நகக்கண்ணில் கிரீஸ், கழுத்தில் துவாய்,
துவாய்க்குள் ஒரு வீக்கம்,
சட்டைப் பையில் மகரகமக் கடிதம்.
இனி வைத்தியம் இல்லை என்பதை
ஆங்கிலத்தில் மூன்று வரிக்கு நீட்டியிருந்தார்கள்.
வாசித்துக் காட்டச் சொன்னார்.
வாசித்தேன்.
வாங்கில் இருந்தவர்கள் இருமலை நிறுத்தினார்கள்.

பழக்கப்பட்ட கை
பெரியாஸ்பத்திரிக்குத் துண்டெழுதப் பேனா எடுத்தது.
"அவங்கதானே இங்க அனுப்பின," என்றார்.

கதவைச் சாத்தினேன்.
நாலு நிமிடம் பதினேழாகியது.
நாற்பத்திரண்டாம் துண்டு வெளியே நின்று ஏசியது, நியாயம்தான்.

சுவரில் நோவுக்கு ஓர் அளவுகோல்,
சிரிப்பில் தொடங்கி அழுகையில் முடியும்
ஆறு முகம்.
"இதுல என்ட மூஞ்சி இல்ல, டொக்டர்.
பகல்ல எட்டு எச்பி.
ராவைக்கு நாப்பது. வள்ளம் தாங்குதில்ல."

அப்படியே எழுதினேன் கொப்பியில்
பிரஷருக்குக் கீழே, சீனிக்கு மேலே.
கோமரங்கடவல நிலுஷி மிஸி
எழுத்துக்கூட்டி வாசித்தாள். சிரிக்கவில்லை.
"யமஹாவா?" என்று மட்டும் கேட்டாள்.
அவர்தான் சிரித்தார், துவாயைப் பிடித்துக்கொண்டு.

மோர்பின் என்றதும் றயீசா எழும்பிவிட்டார்.
"அது கடைசிக்குக் குடுக்கிறதெல்லோ?"
இல்லை, நோவுக்குக் குடுக்கிறது.
வயிறு இளகவும் ஒன்று சேர்த்தெழுதினேன்;
அதை மறந்தால்
நல்ல மருந்தும் மூன்றாம் நாள் கெட்ட மருந்து.

பிறகு பெரிதாக ஒன்றும் இல்லை.
தடுப்பூசிக்குப் போகும் வழியில்
மிட்வைஃப் வசந்தமலர் படலையைத் திறப்பாள்,
பிள்ளை நிறுக்கும் தராசு தோளில் தொங்க.
"இண்டைக்கு எத்தினை?"
எனக்குப் போனில் வரும்:
இருபத்தைந்து.
பதினைந்து.
ஒரு கிழமை மறுபடி நாற்பது, அளவைக் கூட்டினோம்.
ஒரு வெள்ளி, ஜும்ஆ முடிந்து,
"ஐடில்ல ஓடுதாம், மிஸ்.
பாரை ஆணம் கேட்டவராம்.
விழுங்கேலாது, உதட்டில தடவினவராம்."
அந்த வெள்ளி நான் முப்பத்தெட்டு பேரைப் பார்த்தேன்,
எல்லோரிடமும் ஒரு கேள்வி கூடக் கேட்டேன்.

வாடை தொடங்கிய கிழமை
இரவு ஒன்றரைக்கு அழைப்பு.
மூச்சு இப்படி விட்டுவிட்டு வரும் என்றேன்,
அது அவருக்கு நோவாது என்றேன்,
பஞ்சு நனைத்து வாயைத் துடையுங்கோ என்றேன்.
"வாகனம் பிடிக்கவா?"
வேணாம்.
அந்தச் சொல்லைச் சொல்ல
எனக்கு ஒன்பது வருட வேலை தேவைப்பட்டது.
யாரோ போனை வைக்க மறந்துவிட்டார்கள்.
யாசீன் ஓதும் குரல்கள்,
அதற்குள் மழை.
நானும் வைக்கவில்லை.

றயீசா இத்தாவில் இருந்தார்.
பெண் டொக்டர் என்று உள்ளே விட்டார்கள்.
மிச்சக் குளிசைகளைத் தேத்தண்ணித் தட்டில் கொட்டி
இரண்டு தரம் எண்ணினோம். பத்தொன்பது.
கையெழுத்து வைத்தார்.
பையில் பட்டி கிடந்தது,
கிடந்தபடியால் அவர் கையிலும் சுற்றினேன்.
நூற்றெழுபத்தாறு.

"எத்தினை நாளா நீங்க குளிசை போடேல்ல?"
"அவர்ட மருந்துக்குத்தான் போன்ல மணி வெச்சன்.
என்டதுக்கு வெக்கல்ல."

போனை நீட்டினார்,
அந்த மணியை அழித்துத் தரச் சொல்லி.
இன்னும் அடிக்குதாம், இரவு எட்டுக்கு.

அழிக்கவில்லை.
எட்டு மணிக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு,
இனி உங்களுக்கு.