எர்வினின் ஷூ

பேரணாம்பட்டில் தோலுக்குப் பஞ்சமில்லை,
செருப்புக்குத்தான் பஞ்சம்.
எங்கள் தெருவில் ஷூ போட்ட ஒரே பயல்
எர்வின்.

யுத்தம் வந்த மாதம்
தோல் ஷாப்பில் சாயக்கணக்குப் பார்த்த அவன் அப்பாவை
ஜெர்மன்காரர் என்று வேனில் ஏற்றினார்கள்.
ஜெர்மனி துரத்திவிட்ட ஆள், ஐயா, என்று
அத்தா பின்னாலேயே ஓடிச் சொன்னார்.
வேனுக்குக் காது இல்லை.

பிள்ளையைத் தேடி ராத்திரி வந்தார்கள்.
அதற்குள் அம்மா
ஷூவைச் சுண்ணாம்புக் குழியில் வீசிவிட்டு
அவனை எனக்கும் கவுஸுக்கும் நடுவில் படுக்கவைத்து
என் தொப்பியை அவன் தலையில் அழுத்தியிருந்தாள்.

லாந்தர் எங்கள் மேல் ஊர்ந்தது.
வெடிப்பே இல்லாத இரண்டு குதிகால்
போர்வைக்கு வெளியே.
தூக்கத்தில் புரள்வதுபோல்
என் காலைத் தூக்கி அதன்மேல் போட்டேன்.

"இந்த வெள்ளப் பய யாரு?"
"என் புள்ள. சுன்னத் ஆன புள்ள.
வேணும்னா பாத்துக்குங்க."
இன்ஸ்பெக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மா அன்று சொன்னதில் பாதிதான் பொய்.
எந்தப் பாதி என்பது
எனக்கு இன்னும் தெரியாது.

ஐம்பத்திரண்டில் ஹைஃபாவிலிருந்து கடிதம்.
பிரெஸ்லாவில் அவன் சித்தப்பா மகனைத்
தெருவில் நிறுத்தினார்களாம்.
அதே அடையாளத்தைத்தான் தேடினார்களாம்.
இருந்ததாம்.
வயது ஒன்பது.

வாசித்துக் காட்டினேன்.
வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள்.
"அங்க பக்கத்து வீடே கெடையாதா?"

கடிதத்தை மடித்தேன்.
உலை கொதிக்கும் வரை சும்மா இருந்துவிட்டு
அப்புறம் கேட்டாள்:
"அந்த ஷூவப் பத்தி ஏதாச்சும் எழுதியிருக்கானா?"