சாவி தரும்போது

துஷ்யந்தி, வானைக் கொண்டுபோ.
டீசல் அரைத் தாங்கி என்று முள் காட்டும்,
நம்பாதே. அந்த முள் நல்லது மட்டும் சொல்லும்;
கால்வாசி கழித்துப் பார்.

மலைக்கு ஏற முதல்
ஒரு இரவு உங்கள் வீட்டு வாசலிலேயே நிறுத்திப் படுங்கள்.
சிரிக்காதே,
நாங்கள் படுத்தோம்.
வெள்ளவத்தையில், எங்கள் ஒழுங்கையில்,
மறைன் டிரைவுக்கு ஒரு வீடு இந்தப்பக்கம்,
இரண்டாம் மாடியில் எங்கள் கட்டில்கள் வெறுமையாய்க் கிடக்க.

அன்றுதான் தெரிந்தது
ஒழுங்கை கடலை நோக்கிச் சரிகிறதென்று.
பதினாறு வருடம் நடந்த கால்களுக்குத் தெரியவில்லை,
படுத்த முதுகுக்குத் தெரிந்தது.
நடுச்சாமத்தில் நால்வரும் பின்கதவோரம் குவிந்திருந்தோம்,
சாக்கின் அடியில் உருளைக்கிழங்கு மாதிரி.
அதனால்,
ஒரு போத்தலில் பாதிக்குத் தண்ணீர் விட்டுத்
தரையில் சாய்த்து வை.
தண்ணீர் ஓடும் பக்கத்துச் சில்லுக்குக் கீழே பலகை.
பலகை இரண்டு டிக்கியில் இருக்கு, ஒன்றில் ஆணி, கவனம்.
தலை எப்போதும் மேட்டுப்பக்கம்.

பாத்திரம் மூன்று போதும்.
நான் பதினொன்று ஏற்றினேன், இடியப்ப உரலும் சேர்த்து.
கிருலப்பனைக்குள் அவை போட்ட சத்தத்தில்
அக்கா வீட்டு வாசலில் எட்டை இறக்கிவிட்டுத்தான்
அவிசாவளைப் பக்கம் திரும்பினோம்.
மிச்ச மூன்றுக்கும் இடையில் துவாயை வை.

அடுப்பு எரியும்போது பக்கக் கதவு திறந்திருக்கவேணும்.
மழையென்றாலும். நனைந்த தேத்தண்ணி குடிக்கலாம்.
படுக்க முதல் காஸை இறுக்கி மூடு,
பிறகு இன்னொருவரைக் கொண்டும் இறுக்கிப் பார்.
நுளம்புத் திரி உள்ளே வேண்டவே வேண்டாம்;
ஜன்னல் அளவுக்கு வலை தைத்திருக்கிறேன்,
இடப்பக்க வலையில் ஒரு பொத்தல்,
பிளாஸ்டர் ஒட்டியிருக்கு.

இனி, ஒருத்தரும் சொல்லாதது.
இரண்டு மணிக்குச் சின்னவன் எழுப்பினான், அவசரமாம்.
மாடிக்கு ஓடினால் கதவு பூட்டு,
வீட்டுச் சாவி வீட்டுக்குள், கொளுவியில்.
மூடியுள்ள வாளி ஒன்று வாங்கு.
கௌரவம் பார்க்காதே.

சாவியை மறந்தது யாரென்று
சீலனும் நானும் தொடங்கினோம்.
வீட்டிலென்றால் அவர் பல்கனிக்குப் போவார், நான் குசினிக்கு.
வானுக்குள் கோபத்துக்கு வேறு அறை இல்லை.
மடிக்கிற கதிரை ஒன்று வைத்திருக்கிறேன், நீலம்;
சண்டை வந்தால் ஒருவர் வெளியே அதில் இருக்கவேணும்,
மற்றவர் பிளாஸ்கைத் திறக்கவேணும்.
இது சட்டம். அன்றிரவு போட்டது.

சீலன் வெளியே இருந்தார்.
பேப்பர் பார்சல் கட்டின நாய் ஒன்று,
இல்லை, பார்சலைக் கவ்வின நாய் ஒன்று
அவரைச் சுற்றிப் போனது.
ஓ.எல். பெறுபேறு வந்த நாளிலிருந்து
அவரோடு பேசாத வர்ஷினி
தேத்தண்ணிக் கோப்பையோடு இறங்கிப் போனாள்.
என்ன பேசினார்களென்று எனக்குக் கேட்கவில்லை.
கேட்க முயன்றேன், உண்மை.
அந்நேரம் முதல் றெயில் வந்துவிட்டது,
வானின் தகரமெல்லாம் நடுங்க.
"இது தினமும் போகுமா அப்பா?"
அது மட்டும் கேட்டது.
ஏசியும் மூடின ஜன்னலுமாய்
நாங்கள் கேளாமல் விட்ட றெயில்.

மருந்துப் பை முன்சீற்றுக்குக் கீழே.
வாந்திக்குப் பை, எலுமிச்சங்காய், இஞ்சி டொபி.
எல்லாருடைய அடையாள அட்டையும் ஒரே உறையில் வை,
நள்ளிரவில் டோர்ச் அடித்துக் கேட்பார்கள்,
"பாத்ரூம் கிட்ட நிற்பாட்டுங்க" என்று அவர்களே இடமும் காட்டுவார்கள்.

பக்கத்துப் பலகையில் பென்சில் கோடு இரண்டு இருக்கும்.
படுத்தபடி பிள்ளைகளை அளந்தது.
துடைக்காதே. உன்னுடையதுகளையும் பக்கத்தில் கீறு,
பென்சில் டாஷ்போர்டுக்குள்.

பிரேக் கொஞ்சம் இறுக்கம், றிவேர்ஸ் கியர் அழும்.
இடப்பக்கக் கண்ணாடியைக் கையால்தான் திருப்பவேணும்.
போ, போ, மழை கறுக்குது,
காலி வீதி பள்ளிக்கூட வான்களால் அடைக்க முதல்.