இரண்டு புள்ளி ஒன்று

இறால் குளத்துக்கு இரவில்தான் மூச்சு முட்டும்.
வெளிச்சம் போனதும் பாசியும் பங்குக்கு வந்து
தண்ணீரிலுள்ள பிராணவாயுவைக் குடிக்கும்.
அதனால் நிபோங் திபாலுக்கு மேற்கே,
கடலுக்கும் செம்பனைக்கும் நடுவிலுள்ள எங்கள் நாலு குளங்களில்
விடியும்வரை துடுப்புச் சக்கரங்கள்
தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்கும்.

மே மாதக் கரண்டு பில்லை
தனேந்திரன் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தான்.
பால் எடுக்கப் போனாலும் அதன் முகத்தில்தான் விழிக்கவேண்டும்.

'காத்துலேர்ந்து கரண்டு எடுக்கலாம், அண்ணி.
அந்தக் கரண்டை வெச்சு
தண்ணிக்குள்ள காத்து விடலாம்.'

கேட்க நன்றாகத்தான் இருந்தது,
காற்றை விற்றுக் காற்றை வாங்குவது.

பட்டர்வொர்த்தில் மிஸ்டர் கூ
மேசை நிறையப் படங்களை விரித்தார்.
மூன்று இறக்கை வைத்தது, ஐந்து வைத்தது,
முட்டை அடிக்கும் கருவிபோல் நிமிர்ந்து நின்று சுழல்வது
(சத்தம் குறைவாம், விலை கூடுதலாம்).
எல்லாப் படத்திலும் கொட்டை எழுத்தில் ஆயிரம் வாட்.
அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்ததுபோல்
'விநாடிக்குப் பன்னிரண்டு மீட்டர் காற்றில்'.

எங்கள் காற்றை
அதுவரை நான் மீட்டரில் கேட்டதில்லை.
துணி காயும் காற்று, காயாத காற்று,
பன்றிப் பண்ணையை வீட்டுக்குள் கூட்டிவரும் காற்று.
அவ்வளவுதான் கணக்கு.

தனேந்திரன் ஐந்நூறு ரிங்கிட் முன்பணம் வைத்துவிட்டான்.
நான் நூற்றெண்பதுக்கு
மூன்று கிண்ணம் சுழலும் ஒரு கருவி வாங்கினேன்.
பாக் சாலே வீட்டில் பழைய டிவி ஏரியல் கம்பம் கிடந்தது.
அவர் கயிற்றைப் பிடித்துக்கொள்ள
பத்து மீட்டர் உயரத்தில் கிண்ணங்கள் ஏறின.
ஏறியதும் நின்றுவிட்டன.
மூவரும் அண்ணாந்து பார்த்தபடி இருந்தோம்.
'மாலையில் வரும்' என்றார் பாக் சாலே,
வரவேண்டிய விருந்தாளிக்குப் பரிந்து பேசுவதுபோல.

தீவனக் கணக்கு நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதினேன்.
ஒன்று புள்ளி எட்டு. ஒன்று புள்ளி ஆறு. சைபர். சைபர்.
சீனப் பெருநாள் வாரம் மட்டும் மூன்று புள்ளி நாலு,
அந்த வாரம் தனேந்திரனைப் பிடிக்க முடியவில்லை.

அக்டோபரில் ஒருநாள் விடியற்காலை நாலு மணிக்குச் சுமத்ரா வந்தது.
ஜலசந்தியை ஒரே தாவலில் தாண்டி வந்து
தீவனக் கொட்டகையின் தகரத்தைப் பிய்த்து
மூன்று வரிசை செம்பனைக்கு அப்பால் போட்டது.
இருபத்து மூன்று மீட்டர்!
தகரத்தைத் தேடப் போகுமுன் கூவுக்குப் போன் போட்டேன்.
இந்தக் காற்றில் உங்கள் இயந்திரம் எவ்வளவு தரும்?
'அப்போது நிறுத்தி வைக்கவேண்டும், மேடம்.
இல்லையென்றால் முறிந்துவிடும்.'

பதினொரு மாதச் சராசரி இரண்டு புள்ளி ஒன்று.

வேகம் பாதியானால் கரண்டும் பாதி என்றுதான்
தனேந்திரன் நினைத்திருந்தான்.
இல்லை, எட்டில் ஒன்று.
அதிலும் பாதியானால் அறுபத்து நாலில் ஒன்று.
வட்டிக்கடைக்காரனும் வெட்கப்படும் கணக்கு.
போட்டுப் பார்த்ததில் ஆயிரம் வாட்
எங்கள் வரப்புக்கு வந்துசேரும்போது ஐந்து வாட்.
அதுவும் இறக்கை அசைய மனம் வைத்தால்.
'அஞ்சு வாட்டுல என்ன எரியும்?'
சாமி மேடையின் சிவப்பு விளக்கு எரியும் என்றேன்.
இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை.

கூ நல்லவர். ஐம்பது பிடித்துக்கொண்டு
மீதியைத் திருப்பிக் கொடுத்தார்.
சூரியத் தகடு பாருங்கள் என்றார்.
குளம் விழித்திருக்கும் நேரத்தில் சூரியன் தூங்கிவிடுமே,
பேட்டரி என்ன விலை என்றேன்.
விலையைச் சொன்னார்.
தேநீர் குடித்துவிட்டு வந்தோம்.

நேற்று ராத்திரி கம்பத்தைச் சாய்த்துக் கருவியைக் கழற்றினேன்.
மூன்றாம் குளத்துச் சக்கரத்தின் அருகே
முகத்தில் தூறல்போல ஏதோ பட்டது.
சும்மா நீட்டிப் பிடித்துப் பார்த்தேன்.
கிண்ணங்கள் சுற்றின.
ஒன்று புள்ளி மூன்று.

அதையும் நோட்டில் எழுதினேன், தனியாக ஒரு கோடு போட்டு:
காசு கொடுக்கும் காற்று.