உறை

ரீகாவுக்கு வெளியே, பனி கறுத்துக் கிடக்கும் சாலையோரம்,
லாரியைத் தராசுமேல் ஏற்றச் சொல்கிறார் இல்க்வர்ஸ்.
சிவப்பில் எண் எரிகிறது. எழுதிக்கொள்கிறார்.
மறுபடி எதுவாகவும் ஆகாத பிளாஸ்டிக்,
கிலோவுக்கு எண்பது சென்ட்.
மாதக் கடைசியில் எனக்கு அனுப்புவார்.
புள்ளியியல் அலுவலகத்தின் நான்காம் மாடியில்
நான் அதை ஒரு வரியில் சேர்ப்பேன்.
இங்கே அது அட்டவணையின் வரி.
பிரஸ்ஸல்ஸ் போய்ச் சேரும்போது
மற்ற வரி.

ஒன்றியத்துக்கென்று சட்டைப்பை இல்லை.
இருபத்தேழு பேர் கூடித் தைத்த கோட்டு.
பை வைக்க மறந்துவிட்டார்கள் என்றேன்.
மறக்கவில்லை என்றாள் என் மேலாளர் ஸ்கைட்ரீதே,
கண்ணாடியைத் துடைத்தபடி.

அந்தக் குளிர்காலம் முடிந்து
கடைகளின் இரும்புக் கதவுகள் பாதி மட்டும் திறந்தபோது
கோட்டு கடன் வாங்கியது.
அவ்வளவு பெரிய கடன் அதற்குப் பழக்கமில்லை.
பத்திரத்தை யார் யாரோ வாங்கினார்கள்,
முகம் தெரியாத ஓய்வூதிய நிதிகள்,
பெயரில் மட்டும் ஊர் இருக்கும் வங்கிகள்.
கடைசித் தவணை இரண்டாயிரத்து ஐம்பத்தெட்டில்.
இல்க்வர்ஸுக்கு அப்போது தொண்ணூற்றாறு.
"எனக்கு நோட்டீஸ் வராதில்லையா?"
வராது என்றேன். வேறு யாருக்கு என்று கேட்கவில்லை அவர்.

எதை விற்று அடைப்பது என்று
விடியற்காலை மூன்று மணிவரை பேசுகிறார்கள்.
புகைக்கு ஒரு விலை.
எல்லை தாண்டிவரும் இரும்புக்குள்
ஒளிந்திருக்கும் கரிக்கு ஒரு விலை.
மொழிபெயர்ப்புக் கூண்டுகளில் இருபத்துநான்கு மொழிகளில்
"பிறகு பார்ப்போம்" என்ற ஒரே வாக்கியம்.
இப்போதைக்குக் கையில் இருப்பது
இல்க்வர்ஸின் தராசு.

அவருக்கு விதிகள் மேல் சந்தேகம் தீராது.
அந்த டிசம்பரில் மலைபோல் வந்த கையுறைகளைக் காட்டி,
இதுவும் சேர்த்தியா என்று போனில் கேட்டார்.
கையுறை கணக்கில் வராது, படித்துச் சொன்னேன்,
கையுறை வந்த உறை வரும்.
எதிர்முனையில் நெடுநேரம் லாரி மட்டும் உறுமியது.
அன்று அவர் மனைவி விஸ்மா
ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், கதவு எண் இல்லாத கட்டிலில்.
எனக்குப் பின்னால்தான் தெரியும்.

விஸ்மா பிழைத்தாள். இருமல் பாக்கி.
பரிசோதனைக்குப் புதுக் கட்டடத்துக்குப் போகிறாள்.
வாசலில் ஒன்றியத்தின் பன்னிரண்டு நட்சத்திரப் பலகை;
அவளுக்குப் பிடித்தது லிஃப்ட்டின் கண்ணாடி.
தினமும் ஒரு கப் தயிர்,
பெர்ரி போட்டது, மருத்துவர் சொன்னார் என்கிறாள்.
மருத்துவர் பெர்ரி சொல்லவில்லை.

இந்த வரியில் ஒரு கோளாறு உண்டு.
எல்லாரும் ஒழுங்காக இருந்துவிட்டால் இது செத்துப்போகும்.
சாகத்தான் போட்டது என்று கோப்பு சொல்கிறது,
கடன் என்ன சாப்பிடும் என்று அதே கோப்பு
பதினோரு பக்கம் தள்ளிக் கேட்கிறது.
இந்தக் காலாண்டில் எண் இறங்கியிருக்கிறது.
ஸ்கைட்ரீதேயிடம் காட்டினேன்.
நல்ல செய்தி என்றாள்.
கொஞ்சம் பொறுத்து, யாருக்கு என்றாள்.

மாலையில் இல்க்வர்ஸ் வீட்டுச் சமையலறையில்
விஸ்மா கப்பை வெந்நீரில் கழுவுகிறாள்,
மூடியின் படலத்தை நகத்தால் உரித்துத் தனியே வைக்கிறாள்,
ஜன்னல் விளிம்பில் கவிழ்க்கிறாள்.
நான்கு கிராம்.
அதை யாரும் எழுதிக்கொள்வதில்லை.