ஓரக்கண்

கேத்தியில் முப்பது வருஷம் கேரட் போட்டவனுக்குக்
கண்ணில் கோளாறு என்றால்
லாரிக்காரன்கூடச் சிரிக்கிறான்.

குன்னூர் டாக்டரம்மா சிரிக்கவில்லை.
பீடி பிடித்த நெஞ்சுக்கு
கேரட் சத்து மாத்திரை ஆகாதாம்.
செண்டுமல்லிச் சத்து எழுதினார்,
கூடத் துத்தநாகம்.
தகரக் கூரைக்குப் பூசுவதல்லவா அது?
"போனது வராது.
போகிறது மெதுவாகப் போகலாம்."
அந்த 'லாம்' இருக்கிறதே,
டப்பா விலையில் பாதி அதற்குத்தான்.
மேட்டுப்பாளையம் மண்டியில் கிலோ பதினெட்டு.
மாதத்துக்கு எத்தனை மூட்டை என்று
நஞ்சி விரல் மடக்குகிறாள்.

பீரோவில் கட்டம் போட்ட தாள்.
தினமும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்க்கணும்.
நேர்கோடு நெளிந்தால் உடனே வரணும்.
இந்த மலையில் எந்தக் கோடு நேராக இருந்தது?
பாத்தி வளைவு, ரோடு வளைவு,
ரயிலே நெளிந்துதான் ஏறுகிறது.

நஞ்சியின் கம்மல் தெரிகிறது,
தலையில் கட்டிய வெள்ளைத்துண்டு தெரிகிறது.
முகம் இருக்குமிடத்தில் மட்டும் மஞ்சு இறங்கிக் கிடக்கிறது.
கொஞ்சம் தள்ளிப் பார்த்தால்தான் மூக்கு வரும்.

"இந்த வயசில் என்ன ஓரக்கண்?" என்கிறாள்,
தண்ணீர் டம்ளரை
எனக்கு நேராக நீட்டாமல்
கொஞ்சம் ஓரமாக.