இருபது தெத்ரி

எங்கள் கட்டடத்து லிஃப்ட்
காசு போட்டால்தான் ஏறும்.
பெட்டியின் வாயில் இருபது தெத்ரி விழ வேண்டும்.
விழுந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு
மேலே கிளம்பும்.
திபிலிசியின் இந்த மூலையில்
யாரும் அதைக் குறை சொல்லிக் கேட்டதில்லை.
இரும்பு கூலி கேட்கலாம்.
நாய் கேட்டால்தான்
செல்லம் கொடுத்துக் கெடுத்ததாகிவிடும்.

முராவை அழைத்துவந்தபோது
காதில் நகராட்சி குத்திய மஞ்சள் வில்லை,
இடுப்பில் ஏதோ ஒரு கார் விட்டுப்போன கோணல்.
மூன்றாம் மாடிவரை படியேறுவாள், பிறகு படுத்துவிடுவாள்.
மிச்சம் ஆறு மாடிக்கு
இருபத்தெட்டு கிலோவும் என் தோளில்.
என் முட்டிகளோ
தையல் மிஷின் மிதித்தே தேய்ந்தவை.

லிஃப்ட் கதவு திறந்தால்
நாலு காலும் நாலு ஆணி.

"கழுத்துவாரைப் பிடித்து உள்ளே இழு, லம்சீரா.
ஒரு தரம் கத்தும், மறு தரம் பழகிவிடும்.
அடியாத மாடு படியுமா?"
ஆறாம் மாடி ஓத்தியா.
எல்லைக் காவலில் பதினோரு வருடம்
நாய்களை நடத்தியவர்.
அவர் இருமினாலே
முரா என் பாவாடைக்குப் பின்னால்.

சுல்குனிக் கட்டியை உப்புப் போகக் கழுவி
பட்டாணி அளவில் நறுக்கி
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.
கதவைப் பார்த்தாள்: ஒன்று.
பார்த்தும் ஓடாமல் நின்றாள்: ஒன்று.
முன்னங்கால் நகம் வாசல் இரும்பைத் தொட்டது:
மூன்று, அதோடு என் வாயில் போட்டுக்கொண்ட ஒன்று.
மறுநாள் மேலே யாரோ கதவை அறைந்தார்கள்.
மறுபடி தெருவாசலிலிருந்து தொடங்கினோம்.

நான் ஒன்றும் புத்தர் இல்லை.
ஒரு மாலை கத்தினேன்,
அவளை அல்ல, லிஃப்டைப் பார்த்துத்தான்.
அவளுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.
அந்த ஒரு கத்தலுக்கு
நான்கு நாள் வட்டி கட்டினேன், சுல்குனியாக.

பிப்ரவரிக் கடைசி. பனி சேறாகிக் கிடந்த சாயங்காலம்
யாரும் கூப்பிடாமல்
முரா உள்ளே போனாள்.
போய்த் திரும்பி நின்று
இவ்வளவு நேரம் நான்தான் தயங்கியதுபோல்
என்னைப் பார்த்தாள்.

பின்னாலேயே நுழைந்து பையைத் துழாவினேன்.
கட்டி இருந்தது.
காசு இல்லை.
கடைசிச் சில்லறையும்
சுல்குனியாக மாறியிருந்தது.

வெளியே கூட்டிப்போனால்
இன்னொரு நாள் வருவாளோ என்னவோ.
தரையிலேயே உட்கார்ந்தேன்.
எங்கும் போகாத லிஃப்டில்
நானும் நாயும்.
ஒவ்வொன்றாகக் கொடுத்தேன்.
நாற்பத்தொரு நாள் பாக்கி இருந்ததே.

வெளிக்கதவு முனகியது. இருமல்.
ஓத்தியா எங்களைப் பார்த்தார், காசுப் பெட்டியைப் பார்த்தார்,
ஒன்றும் கேட்காமல் இருபது தெத்ரி போட்டார்.
முரா நடுங்கினாள். ஆனால் நின்றாள்.
அவர் மூலையோடு மூலையாக ஒட்டிக்கொண்டு
தன் அகலத்தைக் குறைக்கப் பார்த்தார்.
நாலாம் மாடி தாண்டும்போது
"ஒரு துண்டு தா," என்று கை நீட்டினார்.
அவருக்கென்று நினைத்தேன்.

உள்ளங்கையை விரித்தபடி
முழங்கால் நெட்டி முறியக் குனிந்தார்.
ஆறு வந்தது. அவர் இறங்கவில்லை.
ஏழு. எட்டு.
ஒன்பதில் கதவு திறந்தபோதும்
கட்டி அந்தக் கையிலேயே வியர்த்துக் கிடந்தது.
முரா எடுக்கவில்லை.
முகத்தை வேறு பக்கம் திருப்பி
மூக்கை மட்டும் அங்கேயே வைத்திருந்தாள்.

அவர் அதைத் தரையில் வைத்துவிட்டு
மூன்று மாடி நடந்தே இறங்கினார்.
பாதிப் படியில் நின்று,
கீழேயிருந்து,
யாரிடமும் அனுமதி கேட்டுப் பழகாத குரலில் கேட்டார்:
"நாளைக்கு எத்தனை மணிக்கு?"